அடுத்த விழாவுல அரை மணி நேரம் குடுங்க: ஆக்லாந்து தமிழ் கலைநிகழ்ச்சிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆக்லாந்துல பொங்கலுக்கும் சித்திரைக்கும் தீபாவளிக்கும் மேடை போட்டு நிகழ்ச்சி நடத்துற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

உங்க உழைப்பு எனக்குத் தெரியும். வேலை முடிஞ்சு வந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஹால் புக்கிங், மைக் செட்டு, சாப்பாட்டு ஆர்டர்னு நீங்க ஓடுறத பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், நானும் பல வருஷம் நாற்காலி போட்டிருக்கேன், இலை எடுத்திருக்கேன். அதனால இத உங்க வீட்டு ஆள் ஒருத்தர் எழுதுறதா நெனச்சுப் படிங்க. உங்ககிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு நடிகரப் பத்தி கொஞ்சம் விவரமாவே சொல்லிடுறேன், ஏன்னா அவரு பண்ணுன வேலையப் பாத்துதான் இந்த எண்ணமே எனக்கு வந்துச்சு.

அவரு பேரு ஆஸ்கர் கைட்லி. பேரு பழக்கமில்லன்னாலும் மூஞ்சி பழக்கமா இருக்கும். 2016-ல வந்த 'ஹன்ட் ஃபார் த வில்டர்பீப்பிள்' படத்துல அந்தப் பையனத் தேடி காடு காடா அலையுற போலீஸ்காரர் ஞாபகம் இருக்கா, அவருதான். அதே வருஷம் வந்த 'மோவானா'வுல ஒரு மீனவருக்குக் குரல் குடுத்திருக்காரு. 2023-ல 'நெக்ஸ்ட் கோல் வின்ஸ்' வந்துச்சே, 2001-ல ஆஸ்திரேலியாகிட்ட 31-0ன்னு தோத்துப்போன அமெரிக்க சமோவா ஃபுட்பால் டீமோட கதை, அதுல அந்த ஊரு ஃபுட்பால் சங்கத் தலைவரா தவீட்டான்னு ஒரு பாத்திரம், மானம் போனாலும் ஒரே ஒரு கோல் போட்டா போதும்னு ஏங்குற மனுஷன், அதுவும் இவருதான்.

ஆனா நான் சொல்ல வந்தது இந்தப் படங்கள இல்ல, இதெல்லாம் பின்னாடி வந்தது. அவரு எங்க இருந்து கெளம்புனாருன்னு பாருங்க.

1969-ல சமோவாவோட தலைநகர் ஆப்பியால பொறந்தவரு, நாலு வயசுல நியூசிலாந்துக்கு வந்துட்டாரு, இங்க மேற்கு ஆக்லாந்துல டெ அட்டாட்டூல சொந்தக்காரங்க வீட்டுல வளந்தாரு. ஸ்கூல் முடிச்சதும் நடிக்கப் போகல, ஆக்லாந்து ஸ்டார் பத்திரிகைல பயிற்சி நிருபரா சேந்தாரு. அப்புறம் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போனாரு, டிவி வேலை. அந்த ஊரு எப்பிடின்னு உங்கள்ல அங்க இருந்து வந்தவங்களுக்குத் தெரியும், ஆக்லாந்துல மாதிரி தெருவுக்குத் தெரு சமோவா சர்ச்சும் டோங்கா கடையும் கெடையாது, குளிரும் வேற. அந்த ஊர்ல ஒரு சின்னக் கூட்டமா சேந்து 1993-ல பசிஃபிக் அண்டர்கிரவுண்ட்னு நாடகக் குழு ஆரம்பிக்கிறாங்க.

முதல்ல என்ன பண்ணுனாங்க தெரியுமா, யாரோ எழுதுன இங்கிலீஷ் நாடகத்த எடுத்து அதுல தங்களுக்கு ஒரு சின்ன ரோல் இருக்கான்னு தேடல. கைட்லியும் சைமன் ஸ்மால்னு இன்னொருத்தரும் சேந்து தாங்களே ஒண்ணு எழுதுனாங்க, 'ஃப்ரெஷ் ஆஃப் த போட்'. ஊர்ல இருந்து புதுசா வந்து எறங்குன ஒரு ஆளு, இங்க ஏற்கெனவே குடியேறுன சொந்தக்காரங்க வீட்டுல வந்து தங்குறாரு, அவருக்கு இந்த ஊரு புடிபடல, இந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு அவரு புடிபடல. அவ்வளவுதான் கதை. அந்தத் தலைப்பே ஒரு வசவு, கப்பல்ல இருந்து இப்பதான் எறங்குனவன்னு கேலி பண்ற வார்த்தை, அதையே எடுத்து போஸ்டர்ல போட்டாங்க. அத டைரக்ட் பண்ணுனது நத்தானியல் லீஸ், அவரும் சமோவா வம்சாவளிதான், நீங்க அவர 'மேட்ரிக்ஸ்' ரெண்டாவது, மூணாவது படத்துல கேப்டன் மிஃபுனேவா பாத்திருப்பீங்க, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'ல உருக்-ஹைங்கிற அரக்கக் கூட்டத்துத் தலைவனா மூஞ்சி தெரியாத மேக்கப்புக்குள்ள பாத்திருப்பீங்க. எனக்கு இது மனசுல நின்னுபோச்சு. ஒருபக்கம் பெரிய படங்கள்ல மூஞ்சி தெரியாத வேலையும் பண்ணுவாரு, இன்னொருபக்கம் நம்ம ஊருப் பையன் எழுதுன நாடகமா, வா நான் மேடை ஏத்தித் தர்றேன்னு நிப்பாரு. ஒரு மூத்தவர் அப்பிடி நின்னதாலதான் அடுத்த முப்பது வருஷம் நடந்துச்சுன்னு நான் நம்புறேன்.

அப்புறம் டேவ் ஃபேனோட சேந்து 1996-ல 'எ ஃப்ரிகேட் பர்ட் சிங்ஸ்', டேவ் ஆர்ம்ஸ்ட்ராங்கோட சேந்து 'நியூ சிலா', ஒரு வெள்ளக்காரப் பையனும் ஒரு சமோவாப் பையனும் பக்கத்துப் பக்கத்து வீட்டுல வளர்ற கதை, ரெண்டே நடிகர்கள் மாறி மாறி அத்தன பாத்திரமும் பண்ணுவாங்க, செட்டு செலவும் கம்மி. இத நீங்க கவனிக்கணும், நாடகம்னா லட்சக்கணக்குல செலவாகும்னு நம்ம குழுவுல பேச்சு வரும்போது நான் இதத்தான் சொல்லுவேன்.

இப்ப 'டான் ரெய்ட்ஸ்', அதாவது விடியக்கால ரெய்டுங்கிற நாடகத்துக்கு வர்றேன், 1997-ல எழுதுனது. இதப் பத்தித்தான் நான் நிறைய பேசப் போறேன், பொறுத்துக்கோங்க.

இந்த நாட்டுக்கு நாம வந்து எறங்கும்போது இது எவ்வளவு அமைதியான ஊருன்னு பேசிக்கிட்டோம்ல, 1970-கள்ல இங்க என்ன நடந்துச்சுன்னு நம்மாளுங்க நெறைய பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஃபேக்டரிக்கு ஆள் பத்தலன்னு சமோவா, டோங்கா, ஃபிஜின்னு தீவுகள்ல இருந்து ஆள வரவெச்சாங்க, விசா முடிஞ்சாலும் யாரும் கண்டுக்கல, ஏன்னா வேலை நடக்கணும். 1973-க்கு அப்புறம் எண்ணெய் விலை ஏறி பொருளாதாரம் படுத்ததும் அதே ஆளுங்கதான் எல்லாத்துக்கும் காரணம்னு திருப்பிட்டாங்க. 1974-ல இருந்து விடியக்காலைல போலீசும் இமிகிரேஷன் அதிகாரிகளும் நாயோட வந்து கதவத் தட்டுவாங்க, தூங்கிட்டு இருக்குற புள்ளைங்க முன்னாடி பாஸ்போர்ட்ட காட்டுன்னு கேப்பாங்க, 1976-ல அது உச்சத்துக்குப் போச்சு, ஆக்லாந்து தெருவுல நடந்து போறவன நிறுத்தி பேப்பர் கேட்டாங்க. விசா முடிஞ்சு தங்குனவங்கள்ல பசிஃபிக் மக்கள் மூணுல ஒரு பங்குதான், ஆனா 1980-கள் நடுவுல எடுத்த கணக்குப்படி கோர்ட்டுக்கு இழுத்ததுல 86 சதவீதம் அவங்க. பிரிட்டன், அமெரிக்காவுல இருந்து வந்து விசா முடிஞ்சு தங்குனவங்களும் கிட்டத்தட்ட அதே மூணுல ஒரு பங்கு இருந்தாங்க, அவங்க மேல போட்ட கேஸ் 5 சதவீதம். இதுக்கு மேல என்ன வெளக்கம் வேணும்.

அப்ப பான்சன்பி ஏரியால சமோவா, டோங்கா, மாவோரி இளவட்டங்க 1971-ல பாலினேசியன் பேந்தர்ஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சிருந்தாங்க. இன்னைக்கு அந்த பான்சன்பில ஒரு வீட்டோட விலையக் கேட்டா தலை சுத்தும், அப்ப அது ஏழைங்க இருந்த எடம். அந்தப் பசங்க என்ன பண்ணுனாங்கன்னா விடியக்காலைல அமைச்சர்கள் வீட்டு வாசலுக்கே போயி லவுட்ஸ்பீக்கர்ல எழுப்பி, உங்க பாஸ்போர்ட்ட காட்டுங்கன்னு கேட்டாங்க. அந்த தைரியத்த நெனச்சா இப்பவும் எனக்கு சிலிர்க்குது.

கைட்லி நாலு வயசுப் புள்ளையா வந்து எறங்குனது இந்த நேரத்துலதான். வளந்து அதையே நாடகமா எழுதுறாரு, ஆனா எப்பிடி எழுதுறாருன்னு பாருங்க. ஒரே வீடு. அப்பா அம்மா சர்ச், மரியாதைன்னு இருப்பாங்க. மகன் ராத்திரி கிளப்புல பாடுறவன், சமோவன்னு சொன்னா மதிக்க மாட்டாங்கன்னு ஹவாய்க்காரன்னு வேஷம் போட்டுப் பாடுவான். மக பேந்தர்ஸ்ல சேந்துட்டா. மகனுக்குக் கட்டிக்கப் போற பொண்ணு விசா முடிஞ்சவ, அவளுக்குக் கதவு சத்தம் கேட்டாலே உசுரு போகும். அந்த வீட்டுக்கு வந்து போற சிநேகிதன் ஒருத்தன் போலீஸ், அவனும் சமோவன்தான். எல்லாரும் ஒரே மேஜைல சாப்புடுறாங்க. சிரிச்சுக்கிட்டே இருப்பீங்க, அப்பிடியே தொண்டை அடைக்கும்.

2022-ல இத ஆக்லாந்து தியேட்டர் கம்பெனி திரும்ப மேடை ஏத்துனாங்க, வாட்டர்ஃப்ரண்ட் தியேட்டர்ல. நான் முதியோர் இல்லத்துல ராத்திரி ஷிஃப்ட் பாக்குறவ, என்கூட வேலை பாக்குற சமோவா அக்கா ஒருத்தங்கதான் டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க. கதவத் தட்டுற காட்சி வந்தப்ப அவங்க என் கைய இறுக்கிப் புடிச்சாங்க, விடவே இல்ல. வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல சொன்னாங்க, அவங்க வீட்டுலயும் அப்பிடித் தட்டிருக்காங்க, அப்ப அவங்களுக்கு ஆறு வயசு, அவங்கப்பா சாகற வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசுனதில்லன்னு. வெக்கப்பட்டாராம். பேப்பர் சரியா இருந்த மனுஷன், இருந்தும் வெக்கப்பட்டாராம். அத மொதமொதலா சத்தமா சொல்லிக் கேட்டது மேடைலதான்னு சொன்னாங்க.

2021 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஆக்லாந்து டவுன் ஹால்ல அப்ப பிரதமரா இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன் அந்த விடியக்கால ரெய்டுகளுக்காக அரசாங்கத்து சார்பா மன்னிப்பு கேட்டாங்க, நியூஸ்ல நீங்களும் பாத்திருப்பீங்க. சமோவா வழக்கத்துல இஃபோகான்னு ஒண்ணு இருக்கு, தப்பு பண்ணுன பக்கம் வந்து தலை மேல நல்ல பாயப் போத்திக்கிட்டு உக்காருவாங்க, பாதிக்கப்பட்டவங்க மனசு வந்தா எந்திரிச்சு அந்தப் பாய எடுப்பாங்க. பிரதமர் தலைமேல அந்தப் பாய் இருந்துச்சு, பசிஃபிக் பெரியவங்க வந்து எடுத்தாங்க. அரசாங்கம் அங்க வந்து சேர நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. நாடகம் 24 வருஷம் முன்னாடியே அந்த வீட்டுக் கதவத் தொறந்து காட்டிருச்சு. நாடகம் எழுதுனதாலதான் மன்னிப்பு வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், பேந்தர்ஸ்ல இருந்தவங்க வயசான காலத்துலயும் விடாம கேட்டாங்க, அதுதான் பெருசு. ஆனா ஒரு ஜனம் தன் கதைய தன் வாயால பேசிப் பழகிருந்தாத்தான் அப்பிடி விடாம கேக்க முடியும்.

சினிமா, டிவி பக்கம் சீக்கிரமா சொல்லிடுறேன். 1998-ல நேக்கட் சமோவன்ஸ்னு ஒரு காமெடிக் குழு, கைட்லி, டேவ் ஃபேன், ஷிம்பல் லெலிசி, மாரியோ காவோவா, ராபி மகாசிவான்னு கூட்டாளிங்க. மேடைல பண்ணிட்டு இருந்தவங்க 2004-ல 'ப்ரோ டவுன்' ஆரம்பிச்சாங்க, நியூசிலாந்தோட முதல் பிரைம் டைம் கார்ட்டூன் தொடர், மார்னிங்சைடுல இருக்குற அஞ்சு பசங்களப் பத்தி, குரல் பெரும்பாலும் இந்தக் குழு ஆளுங்கதான், 2009 வரைக்கும் ஓடுச்சு. நம்ம புள்ளைங்க அத பாத்து வளந்துச்சுங்க. 2006-ல 'சியோனிஸ் வெட்டிங்', ஜேம்ஸ் கிரிஃபினும் கைட்லியும் எழுதுனது, கைட்லி அதுல நடிக்கவும் செஞ்சாரு. கல்யாணத்துல தகராறு பண்ணியே பேர் எடுத்த நாலு சிநேகிதனுங்க, இந்தக் கல்யாணத்துக்கு உருப்படியா ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்னு பாதிரியார் கறாரா சொல்லிடுவாரு, அந்தப் பாதிரியாரு யாருன்னா நத்தானியல் லீஸ். மொத நாடகத்த மேடை ஏத்துன அதே மனுஷன். 2013-ல 'ஹாரி' தொடர்ல தெற்கு ஆக்லாந்து டிடெக்டிவ்வா ஹீரோ, சிரிப்பே இல்லாத ரோல், அவருக்கு மேலதிகாரியா சாம் நீல். இருபது வருஷம் தானே எழுதி தானே நின்ன ஆளுக்கு அந்த ரோல் வருது, எடுத்த எடுப்புல யாரும் கூப்பிட்டுக் குடுக்கல.

இப்ப நம்ம மேடைக்கு வர்றேன்.

நம்ம நிகழ்ச்சில என்ன நடக்குது, சினிமாப் பாட்டுக்கு டான்ஸ், பரதம், சூப்பர் சிங்கர் மாதிரி பாட்டு, பட்டிமன்றம், நடுவுல ஸ்பான்சர் பேச்சு. புள்ளைங்க அழகா ஆடுதுங்க, அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, என் பொண்ணும் ஆடிருக்கா. ஆனா நாலு மணி நேர நிகழ்ச்சில நாம இங்க எப்பிடி வாழறோம்னு ஒரு நிமிஷம்கூட இல்ல. சாண்ட்ரிங்ஹாம் ரோட்டுல காய் வாங்குறவங்க, மவுண்ட் ராஸ்கில்ல மூணு குடும்பமா சேந்து ஒரு வீட்டுல வாடகைக்கு இருந்தவங்க, ஊர்ல இன்ஜினியரா இருந்து இங்க மொத ரெண்டு வருஷம் டாக்ஸி ஓட்டுனவங்க எல்லாம் அந்த ஹால்ல நாற்காலில உக்காந்திருக்காங்க, மேடைல அவங்க இல்ல. 1983-க்கு அப்புறம் யாழ்ப்பாணத்த விட்டு வந்தவங்க இருக்காங்க. ஃபிஜில இருந்து வந்த நம்மாளுங்க இருக்காங்க, 1903-ல இருந்து மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் ஏறி கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்களோட பேரன் பேத்திங்க, 1987 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் ரெண்டாவது தடவையா ஊரு விட்டு ஊரு வந்தவங்க. அந்தப் பாட்டிங்க வாய்ல இருக்குற கதைய நாம யாரும் எழுதி வாங்கல. அவங்கள்ல ஒருத்தரு நான் வேலை பாக்குற எடத்துலயே இருந்தாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு என்கிட்ட தமிழ்ல பேசுவாங்க, போன குளிர்காலத்துல போயிட்டாங்க. நான் ஒரு வரிகூட எழுதி வைக்கல. இத எழுத உக்காந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு தடவ நான் இத ஒரு குழுக் கூட்டத்துல சொன்னப்ப, பெரியவர் ஒருத்தர், நம்ம வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாதும்மா, நாலு பேரு வெள்ளக்காரங்க, எம்பி எல்லாம் வந்து உக்காந்திருக்கும்போது நம்ம கஷ்டத்தையும் சண்டையையும் காட்டணுமான்னு கேட்டாரு. அவரு கேட்டதுல நியாயம் இல்லாம இல்ல, அவமானப்பட்டு மேல வந்தவங்களுக்கு அந்த பயம் இருக்கும். இதே பேச்ச அங்கயும் பேசிருக்காங்க, 'ப்ரோ டவுன்' வந்தப்ப நம்ம ஜனத்த கேலிப்பொருளா ஆக்குறாங்கன்னு பசிஃபிக் ஆளுங்கள்லயே சிலர் வருத்தப்பட்டாங்க, குடிக்கிற அப்பன காட்டணுமான்னு கேட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்கண்ணே, நாம சொல்லலன்னா நம்மளப் பத்தி யாருமே சொல்லாம விட்டுடுவாங்களா? டெய்ரின்னு இங்க சொல்ற தெருமுனைக் கடைல தலையாட்டுற ஒரு ஆளு, கால் சென்டர் குரல், அதுதான் நம்ம பங்கு. அந்த சமோவா அக்காவோட அப்பா சாகற வரைக்கும் வாயத் தொறக்கல, அதுல அவருக்கு என்ன மானம் மிஞ்சிச்சு, நெஞ்சுலயே வெச்சுக்கிட்டுப் போனாரு.

அதனால நான் கேக்குறது இதுதான். அடுத்த பொங்கல் நிகழ்ச்சில அரை மணி நேரம் குடுங்க. கடைசில சாப்பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்சு போற நேரம் வேண்டாம், நடுவுல குடுங்க. இங்கயே எழுதுன ஒரு நாடகம், இங்க நடக்குற கதை. எழுதுறது பதினாறு பதினேழு வயசுப் புள்ளைங்களும் பெரியவங்களும் சேந்து. தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் வரும், வீட்டுல அப்பிடித்தான பேசுறோம், அத திருத்தாதீங்க. புள்ள தமிழ் தடுமாறுனா அந்தத் தடுமாற்றமும் கதைலயே இருக்கட்டும். செட்டு வேண்டாம், ரெண்டு நாற்காலியும் ஒரு கதவும் போதும். ஸ்கிரிப்ட்ட டைப் பண்ணி ஒரு காப்பி சங்கத்துல வைங்க, வீடியோவும் எடுத்து வைங்க, பத்து வருஷம் கழிச்சு வேற புள்ளைங்க எடுத்து நடிக்கணும்ல, 1997-ல எழுதுனத 2022-ல திரும்ப நடிக்க முடிஞ்சது யாரோ பத்திரமா வெச்சிருந்ததாலதான்.

இன்னொண்ணு, உங்கள்ல நல்லா நடிக்கத் தெரிஞ்சவங்க, ஊர்ல சபா நாடகம், தெருக்கூத்து, கோயில் திருவிழா நாடகம்னு பண்ணுனவங்க ரெண்டு மூணு பேரு இருக்கீங்க, எனக்குத் தெரியும். நீங்க டைரக்ட் பண்ணிக் குடுங்க. புள்ளைங்களுக்கு வேண்டியது காசு இல்ல, மேடைல எங்க நிக்கணும், எப்பிடி குரல் விடணும்னு சொல்லிக் குடுக்குற ஒரு மூத்தவங்கதான் வேணும். ரிகர்சலுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் வர்றேன், காலைல அவொண்டேல் சந்தைக்குப் போயிட்டு அப்பிடியே வந்துடுவேன், எல்லாருக்கும் சோறு என் பொறுப்பு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் ஏற்கெனவே மூணு பக்கம் எழுதி வெச்சிருக்கான். மொத தடவையா ஆக்லாந்து ஏர்போர்ட்டுல எறங்குற ஒரு தாத்தா, பேத்திக்குன்னு பாட்டி கட்டிக் குடுத்த கறிவேப்பிலையும் முருங்கை வெதையும் பைல இருக்கு, ஃபார்ம்ல எழுதணும்னு அவருக்குத் தெரியல, அதிகாரி 400 டாலர் அபராதம்னு சொல்லுறாரு, தாத்தாவுக்கு இங்கிலீஷ் புரியல, பைய விட மாட்டேங்குறாரு. அதுக்கு மேல அவனுக்கு எழுத வரல. தாத்தாவா நடிக்க யாரு வருவாங்கன்னு என்கிட்ட கேட்டான். உங்கள்ல ஒருத்தர் வருவீங்கன்னு சொல்லிருக்கேன்.

அன்போட,
நாற்காலி வரிசைல எப்பவும் கடைசில உக்கார்ற உங்க தங்கச்சி